பின்சீட்டு ஈரம்

திருநள்ளாற்றிலிருந்து கிளம்பும்போது குணசேகரன் சாவியைத் திருகுவதற்கு முன்பு ஒரு காரியம் செய்வார். தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியை விரலால் தட்டி, அது வேனின் கூரையைப் பார்க்கும்படி மேலே திருப்பிவிடுவார். ஊர் எல்லை தாண்டிய பிறகுதான் அது பழைய நிலைக்கு வரும். சனி தோஷம் கழிய வருகிறவர்கள் நளன் குளத்தில் எண்ணெய் தேய்த்து முழுகி, உடுத்தியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் வரவேண்டும். அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை, சரி. வண்டி ஓட்டுகிறவன் கண்ணாடியில் பார்த்தால் அது எதில் சேர்த்தி? இதைப் பற்றி எந்தக் குருக்களும் அவருக்கு ஒன்றும் சொன்னதில்லை. அவராகவே யோசித்து வைத்துக்கொண்ட சட்டம் அது.

இன்னொரு சட்டமும் உண்டு. ஈரத்துணி வண்டிக்குள் ஏறக்கூடாது.

"அம்மா, பையில என்ன சொட்டுது?"

"புதுப் புடவைங்க டிரைவர். ஒரு தடவைதான் கட்டினேன். விட மனசு வரல."

"மனசு வராததத்தாங்க அங்க விடச் சொல்லியிருக்கு. இறங்கிப் போயி வச்சிட்டு வாங்க. நான் காத்திருக்கேன்."

இப்படிக் கேட்காமல் விட்டது ஒரே ஒரு முறைதான். ஒரு பெண்மணி பட்டுப்புடவையைப் பிழிந்து மடித்துச் சீட்டுக்கடியில் வைத்துக் கொண்டுபோய்விட்டாள். அன்றிலிருந்து அந்தக் கடைசி சீட்டின் ஈரம் காயவில்லை. கழற்றிச் சித்திரை வெயிலில் போட்டார். மேலே காய்ந்தது, கை வைத்தால் சில்லென்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் வேனைக் கழுவித் துடைப்பது அவர் மனைவி கனகம். அவள்தான் அதன்மேல் உள்ளங்கையை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஏங்க, யாரோ எந்திரிக்காம உக்காந்திருக்காங்க" என்றாள். மறுநாளே அந்தச் சீட்டைத் திருநள்ளாற்றுக்கு ஏற்றிப்போய், குளத்துக்குப் பக்கத்தில் துணி குவிக்கும் இடத்தில் இறக்கிவிட்டு வந்தார். கோயில் ஆள் சிரித்தான். "துணி போடுவாங்க, செருப்பு போடுவாங்க. சீட்டு போட்ட ஆளு நீங்கதாண்ணே."

காரைக்காலை அடுத்த விழிதியூரில் அவருடைய அப்பாவும் சித்தப்பாவும் நடவு, அறுவடை என்று வயலிலேயே இருந்தவர்கள். குணசேகரன்தான் சேற்றை விட்டுத் தார்ச்சாலைக்கு வந்தார். அந்த வேன் ஓடிய ஓட்டத்தில்தான் மகள் கீர்த்திகா நர்சிங் முடித்தாள். அந்த வம்சத்தில் பெயருக்குப் பின்னால் எழுத்துப் போட்டுக்கொண்ட முதல் ஆள் அவள். பட்டமளிப்பு விழாவுக்கு வேனுக்கு மாலை போட்டு ஓட்டிக்கொண்டு போனார். ஊரே பேசியது. பேசட்டும் என்றுதான் மாலை போட்டார்.

காலையில் வண்டியை எடுக்கும்போது வாசலிலிருந்து "வரேன் கனகம்" என்பார். உள்ளேயிருந்து "பாத்து ஓட்டுங்க" என்று குரல் வரும். இது வராமல் கிளட்சை விட்டதில்லை.

ஓர் ஐப்பசி அடைமழையில் கனகம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். கீர்த்திகா அப்போது இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்து மருத்துவமனை ஒன்றில் வேலையில் இருந்தாள். அவள் விமானம் பிடித்து வரும்வரை உடலை வைத்திருக்க முடியவில்லை. சுடுகாட்டுப் பாதையில் முழங்கால் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. மகள் போனிலேயே பார்த்தாள், போனிலேயே அழுதாள். பிறகு ஒன்று கேட்டாள்.

"அப்பா, நீங்க இங்க வரும்போது அம்மா ரவிக்கை ஒண்ணு எடுத்துட்டு வாங்க. துவைக்காதீங்க."

இறந்தவர் துணியை ஆற்றோடு விட்டுவிடுவதுதான் வழக்கம். எல்லாவற்றையும் விட்டார். அரக்கு நிற ரவிக்கை ஒன்றை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டார். சித்திரையில் லீட்ஸுக்குப் போனபோது பெட்டியின் அடியில் அது இருந்தது.

கீர்த்திகா அப்போதுதான் முழுகாமல் இருந்தாள். கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் கழித்து நின்ற கரு. குழந்தை பிறக்கும்வரை விசா தாங்காது என்றாலும், இருக்கிறவரை மகள் கூடவே இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்திருந்தார். மருமகன் ராஜ்மோகனும் காரைக்கால் பக்கம்தான், நெரவிக்காரர். லீவு நாளென்றால் வீட்டில் இருக்கமாட்டார். "மாமா, கிளம்புங்க. இந்த ஊர்ல வெயில் அடிக்கிற அன்னைக்கே ஊர் சுத்திடணும். நாளைக்கு அது இருக்காது."

மற்றவர்களுக்கெல்லாம் ஊர் சுற்றிக் காட்டியே தலை நரைத்த மனிதர் முதல்முறையாகப் பின்சீட்டில் உட்கார்ந்து ஊர் பார்த்தார். சுண்ணாம்பு பூசாத கற்களை அடுக்கி எழுப்பிய வேலிச் சுவர்கள், குன்றெல்லாம் ஆடுகள், கூரை இல்லாத பழைய மடாலயம், யார்க் நகரத்துக் கோட்டை மதில். ஒரு நாள் பிரபுக்கள் வாழ்ந்த மாளிகை ஒன்றுக்குப் போனார்கள். அங்கே சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் பட்டு மெத்தை நாற்காலிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு காய்ந்த முள்ளுப்பூ.

"இது என்ன, யாருக்கு வச்சிருக்கு?"

"யாரும் உக்காரக் கூடாதுன்னுப்பா. எழுதிப் போடாம இப்படி வைப்பாங்க."

"அப்படியா? நான் யாரோ இடம் பிடிச்சு வச்சிருக்காங்கன்னு பாத்தேன்."

கீர்த்திகா வாய்விட்டுச் சிரித்தாள். "நம்ம பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போடற மாதிரியா?"

"துண்டு விழுந்துட்டா அப்புறம் அந்த சீட்ல எவனும் உக்காரமாட்டான். இங்க பூ. அவ்வளவுதான்" என்றார் அவர். தோளில் கிடந்த தேங்காய்ப்பூத் துண்டை ஒருமுறை தொட்டுக்கொண்டார். கம்பளிக் கோட்டுக்கு மேலும் அது கிடந்தது. மகள் எவ்வளவு சொல்லியும் அவர் அதை எடுக்கவில்லை.

ரவிக்கையைக் கீர்த்திகா தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். வைகாசி வாக்கில் ஒரு காலை அதை முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வாசனை போயிடுச்சுப்பா. இப்ப என் சோப்பு வாசனைதான் வருது." அன்றுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. லீட்ஸுக்குப் பக்கத்தில், ஓர் ஆற்றங்கரையில் ஊற்று ஒன்று இருக்கிறது. அதன் தண்ணீரில் எதைத் தொங்கவிட்டாலும் சில மாதங்களில் கல்லாகிவிடும். பார்க்க ஊரே போகும். கேட்டால் நம் பொருளையும் தொங்கவிடுவார்கள்.

"வாசனைதான் நிக்கல. உருவமாவது நிக்கட்டுமே."

துணியை நனைத்து விட்டுவிட்டு வருவது குணசேகரனுக்குத் தெரியும். நனைத்துவிட்டு, திரும்பப் போய் எடுத்துக்கொள்வதை அவர் கேள்விப்பட்டதில்லை. ஆனால் வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது?

போனார்கள். வாசலில் ஐஸ்கிரீம் வண்டி, டிக்கெட் கொடுக்கும் கூண்டு, குழந்தைகளின் கூச்சல். மரங்களுக்குள் இறங்கிய பாதையில் போகப் போகக் கூச்சல் அடங்கியது. யானை மத்தகம் போல ஒரு பாறை. அதன் மேலிருந்து தண்ணீர் திரையாக வழிந்தது. திரைக்குக் கீழே ஒரு கயிறு. அதில் தொப்பிகள், காலுறைகள், குழந்தைகளின் கரடி பொம்மைகள், ஒரு தேநீர்க் கெட்டில். புதியவை இன்னும் நிறத்தோடு சொட்டிக்கொண்டிருந்தன. பழையவற்றுக்கு நிறமில்லை. கண்ணிருந்த இடத்தில் கல் மூடிய ஒரு கரடி, எல்லோரையும் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

அவருக்கு நளன் குளத்தின் கரை நினைவுக்கு வந்தது. அங்கேயும் இப்படித்தான், ஆளில்லாத துணிகள். ஆனால் அவை கிடக்கும்; குவியும்; லாரியில் போகும். இங்கே யாருமே போகவில்லை.

ரப்பர் பூட்ஸ் போட்ட ஆள் ஒருவன் ரவிக்கையை வாங்கி, நீண்ட கம்பின் கொக்கியால் கயிற்றில் மாட்டினான். தண்ணீர் பட்டதும் அரக்கு கறுத்தது. பிறகு அது விரிந்தது. காற்றே இல்லை. இரண்டு கைகளும் மெல்ல உப்பி, உள்ளே ஆள் நுழைவது போல விரிந்தன. தண்ணீர் நிரம்பினால் துணி அப்படித்தான் விரியும் என்று குணசேகரன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"போலாமா மாமா? இங்க குளுருது" என்று ராஜ்மோகன் நடந்தார். கீர்த்திகா கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் போனாள். குணசேகரனும் கால் எடுத்து வைத்தார். அப்போது, முப்பது வருஷப் பழக்கத்தில், கேட்காமலே அவர் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"வரேன் கனகம்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. சாவு வீட்டில், சுடுகாட்டில், கருமாதி முடிந்த ஆற்றங்கரையில் யாரும் 'வரேன்' என்று சொல்லிக் கிளம்புவதில்லை. பேசாமல் எழுந்து வருவதுதான் முறை. விழிதியூர்ச் சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். அவர் கிளட்சை மிதித்துவிட்ட காலோடு நிற்பது போல அங்கேயே நின்றார். பதிலுக்கு எந்தக் குரலும் வரவில்லை. தண்ணீர் மட்டும் சொட்டியது. பதில் வரவில்லையே என்று அவர் திரும்பிப் பார்த்தார். அது இரண்டாவது தப்பு.

கார் கிளம்பியது. ராஜ்மோகன் ஓட்ட, கீர்த்திகா முன்னால். பின்னால் குணசேகரன் மட்டும். கொஞ்ச தூரம் போவதற்குள் வண்டி கிணுகிணுவென்று கத்த ஆரம்பித்தது.

"மாமா, பெல்ட்டு போடலையா?"

"போட்டிருக்கேன் மாப்ள."

"பக்கத்து சீட்ல பை எதாவது வச்சிருக்கீங்களா? கனமா இருந்தா ஆளு உக்காந்திருக்குன்னு நெனச்சுக் கத்தும்."

பக்கத்தில் ஒன்றுமில்லை. குணசேகரன் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். மேலே காய்ந்திருந்தது. அடியில் சில்லென்றது. அவர் அந்தச் சீட்டின் பெல்ட்டை இழுத்து மாட்டினார். சத்தம் நின்றது.

"சென்சார் கோளாறு" என்றார் ராஜ்மோகன். "மெக்கானிக்கிட்ட காட்டணும்."

மெக்கானிக் பார்த்தான். கோளாறு எதுவும் இல்லை என்றான். அடுத்த வாரம் நீராவி ரயில் பார்க்கப் போனபோது கத்தியது. அதற்கடுத்து, முழங்கால் உயர வீடுகளோடு ஒரு கிராமத்தையே பொம்மையாகக் கட்டி வைத்திருந்த தோட்டத்துக்குப் போனபோதும் கத்தியது. குணசேகரன் யாரும் கேட்பதற்கு முன்னாலேயே காலி சீட்டுக்குப் பெல்ட் போடப் பழகிக்கொண்டார். அந்தத் தோட்டத்துத் தேநீர்க் கடையில் பரிமாறும் பெண் வந்து நான்கு கோப்பைகளை வைத்தாள். மூன்று பேர்தான் என்று கீர்த்திகா சொன்னாள். அந்தப் பெண் குணசேகரனுக்குப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள். போகிறபோது இன்னொரு முறை பார்த்தாள்.

அவர் பயந்தாரா? முதலில் இல்லை. உண்மையைச் சொன்னால், பெல்ட் மாட்டும்போது அவருக்கு ஒரு ஆறுதல்கூட இருந்தது. உயிரோடு இருந்தவரை அவள் காரைக்கால் கடற்கரையைத் தாண்டி எதைப் பார்த்தாள்? பார்த்துக்கொள்ளட்டுமே என்று ஜன்னல் பக்கம் ஒதுங்கி, வெளியே தெரியும்படி இடம் விட்டு உட்கார்ந்தார்.

ஆவணியில் அது மாறியது. கீர்த்திகாவுக்கு ஏழாவது மாதம். ஒரு ஏரிக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அன்றைக்குப் பின்சீட்டு கத்தவில்லை. குணசேகரன் கை வைத்துப் பார்த்தார். வறண்டிருந்தது. எழுந்து போய்விட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தபோது அவருக்கு நெஞ்சு லேசாகக் காலியானது. ஏரிக்கரையில் கார் நின்றது. கீர்த்திகா முன்கதவைத் திறந்து இறங்கினாள். இறங்கிய மாதிரியே நின்றாள். அவள் உடையின் பின்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. சீட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

நர்ஸ் அவள். முகம் வெளுத்துவிட்டது. "ராஜ், பனிக்குடம்... இப்ப வரக் கூடாது. ஏழாம் மாசம்தான் ஆகுது."

மருத்துவமனைக்கு ராஜ்மோகன் எப்படி ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது. சோதித்தார்கள். பிள்ளையின் இதயம் குதிரை போல ஓடியது. பனிக்குடம் உடையவில்லை. நனைந்த துணியையும் சோதித்துவிட்டு டாக்டரம்மா தோளைக் குலுக்கினாள். அது உடம்புத் தண்ணீரே இல்லை, வெறும் தண்ணீர், கொஞ்சம் சுண்ணாம்பு கலந்தது.

வெளியே வந்ததும் குணசேகரன் சொன்னார்: "மாப்ள, நான் ஊருக்குப் போறதுக்குள்ள அந்த ஊத்துக்கு ஒருவாட்டி போகணும்."

"எதுக்கு மாமா இப்ப? டாக்டரு ரெஸ்ட்டுன்னுல்ல சொல்லியிருக்காங்க."

"நான் வரேன்னு சொல்லிட்டு வந்துட்டேங்க. போகாம இருந்தா, அங்கேருந்து வரும்."

ராஜ்மோகன் சிரிக்க வாயெடுத்தார். கீர்த்திகா அவர் கையைப் பிடித்தாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை. "அப்பா, 'வரேன்'னா சொன்னீங்க? அதுகிட்டயா?"

"வாய் தவறிடுச்சு கண்ணு."

"அம்மா என்னைத்தானே பாக்க வந்தா? பேரப்புள்ளயப் பாக்கணும்னு அவ எவ்வளவு..."

"பாக்க வந்தவ எந்திரிக்கலன்னா?" என்றார் அவர். அவள் கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

ஊற்றில் அன்று கூட்டமே இல்லை. இலைகள் பழுக்கத் தொடங்கியிருந்தன. ரவிக்கையில் அரக்கு நிறம் தோள்மடிப்பில் மட்டும் ஒரு கீற்றாக மிச்சமிருந்தது. மற்றதெல்லாம் வெளுத்த கல். உள்ளே ஒன்றுமில்லாமலே வலது கை முழங்கை வரை உருண்டிருந்தது. அடுப்படியில் எதையோ எட்டி எடுக்க முன்னே நீட்டும்போது கனகத்தின் கை அப்படித்தான் இருக்கும்.

ரப்பர் பூட்ஸ் ஆள் வந்து, எடுத்துக் கொடுக்கட்டுமா என்று கேட்டான். கீர்த்திகா அப்பாவைப் பார்த்தாள். அவள் கை நீட்டினால் கொடுத்துவிடுவான். வீட்டில் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம். பிள்ளைக்குக் காட்டலாம். அவள் நெடுநேரம் நின்றாள்.

"வேணாங்க" என்றாள் கடைசியில். "இங்கேயே இருக்கட்டும்."

குணசேகரனுக்கு அது போதவில்லை. விட்டுவிட்டுப் போகலாம், அதுதான் முறை. ஆனால் 'வரேன்' என்று சொன்னவன் வந்து நின்றுவிட்டு, பேசாமல் திரும்பிப்போனால் அவள் ஒத்துக்கொள்வாளா? முப்பது வருஷமும் சொன்ன சொல்லுக்கு வீடு வந்தவர் அவர். ஆள் தெரியாத நாட்டில், குளிரில், கண்ணில்லாத கரடிகளுக்கு நடுவில் அவளை நிறுத்திவிட்டு எந்த வாயால் பேசாமல் போவது?

தோளில் கிடந்த துண்டை எடுத்தார். இரண்டாக மடித்தார். அந்த ஆளிடம் நீட்டி, ரவிக்கைக்குப் பக்கத்தில், இடைவெளி விடாமல், என்று கையாலேயே காட்டினார். அவன் கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டான். தண்ணீர் துண்டின் மேல் விழுந்ததும் அதன் ஓரம் நகர்ந்து ரவிக்கையின் தோளைத் தொட்டது.

"எதுக்குப்பா துண்டு?"

"இடம் பிடிச்சு வச்சிருக்கேன்."

கீர்த்திகா அழுதாளா, சிரித்தாளா என்று ராஜ்மோகனுக்குப் புரியவில்லை. குணசேகரன் ஒன்றும் சொல்லாமல் திரும்பினார். 'வரேன்' நாக்கு நுனி வரை வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டார். மரங்களுக்குள் ஏறும்போது பின்னால் தண்ணீர்ச் சத்தத்தோடு வேறேதோ கேட்டது. கேட்காதது போல நடந்தார். மகளைத் தனக்கு முன்னால் நடக்க விட்டிருந்தார்.

காரில் ஏறியதும் கீர்த்திகா எட்டி, நடுக்கண்ணாடியை விரலால் தட்டிக் கூரைப் பக்கம் திருப்பினாள்.

"ஏய், என்ன பண்ற? போலீஸ் பாத்தா உங்கப்பாவா வந்து பதில் சொல்வாரு?"

"எங்கப்பா வண்டியில இதான் ரூல். மெயின் ரோடு வர்ற வரைக்கும். மெதுவா ஓட்டு."

ராஜ்மோகன் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். கார் கத்தவில்லை. பின்சீட்டும் முன்சீட்டும் வறண்டிருந்தன. பெரிய சாலை வந்ததும் கண்ணாடியைத் திருப்பினார்கள். அதில் குணசேகரனின் முகமும் பின்னால் போகும் சாலையும் மட்டும் தெரிந்தன.

புரட்டாசியில் அவர் விழிதியூர் திரும்பினார். கார்த்திகையில் கீர்த்திகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். குணசேகரன் வேனுக்கு மாலை போட்டுக்கொண்டுதான் அன்றைக்குத் திருநள்ளாற்றுக்குச் சவாரி போனார்.

சனிக்கிழமைகளில் இப்போதும் ஓட்டுகிறார். தோளில் மட்டும் துண்டு இல்லை. புதிது வாங்கவில்லை. ஸ்டாண்டில் சக டிரைவர் அல்லா பிச்சை விடமாட்டார். "என்ன குணா, வெள்ளைக்காரன் ஊருக்குப் போயி துண்ட தொலச்சிட்டு வந்துட்டியா?"

"தொலைக்கல பாய். போட்டு வச்சிருக்கு."

மார்கழியில் அவருக்கு இடது தோள் பிடித்துக்கொண்டது. துண்டு கிடந்த பக்கம். முதலில் காலையில் மட்டும் இறுகும். பிறகு நாள் முழுக்க. வெயிலில் நின்றாலும் அந்த இடத்தில் மட்டும் சில்லென்றிருக்கும். காரைக்காலில் டாக்டர் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தோள்மூட்டு இறுகிப்போச்சு. வருஷக் கணக்கா ஸ்டியரிங் பிடிச்சதுதான்" என்றார். குணசேகரன் சரிங்க என்று கேட்டுக்கொண்டார். துண்டு தடிசு, மடிப்பு வேற, ரவிக்கையைவிட நாளாகும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

பொங்கலன்று கீர்த்திகா போனில் குழந்தையைக் காட்டினாள். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. அது கொட்டாவி விட்டுக் கண்ணைத் திறந்தது.

"அப்பா, நாங்க போன வாரம் ஊத்துக்குப் போனோம். இவளத் தூக்கிட்டுப் போகல, கார்லயே ராஜ்கிட்ட விட்டுட்டு நான் மட்டும்தான் எட்ட நின்னு பாத்துட்டு வந்தேன். ஒண்ணும் சொல்லல, திரும்பியும் பாக்கல." கொஞ்சம் தயங்கினாள். "உங்க துண்டு பாதி கல்லாயிடுச்சுப்பா."

"ஆகும்."

"தோள் எப்படி இருக்கு?"

"அது கெடக்குது. கார்ல புள்ள சீட்டு காஞ்சிருக்கா?"

"காஞ்சிருக்குப்பா. நானே தெனமும் கை வச்சுப் பாக்கறேன்."

"அது போதும்." குழந்தைக்கு ஆசீர்வாதம் செய்ய இரண்டு கையையும் தூக்கப் பார்த்தார். வலது கை மேலே போனது. இடது கை வரவில்லை. வலது கையாலேயே அதைத் தாங்கிப் பிடித்து, முடிந்தவரை உயர்த்திக் காட்டினார். வாசலில் வேன் நின்றிருந்தது, சவாரிக்கு நேரமாகிவிட்டது.

"கெளம்பறேன் கண்ணு" என்றார்.

"பாத்து ஓட்டுங்க" என்றாள் கீர்த்திகா.